ஏரியல் புத்தகத்தின் இடப்பக்கங்கள்

மதராஸ்,
14-8-67

கர்த்தருக்குள் அன்பான அக்கா சாராளுக்குத் தம்பி யேசுராஜ் எழுதுவது. நான் சுகம். மெஸ் சாப்பாடும் மதராஸ் கொசுவும் தங்களால் ஆனதைச் செய்து பார்த்தும் உடம்பு அப்படியே இருக்கிறது. உன் சுகத்துக்கும், மாமாவின் முழங்கால் வலி எப்படி என்பதற்கும் பதில் போடவும்.

கிருஷ்ணகிரி வழியாகப் போகும் லாரியில் இரண்டு தகரப் பெட்டி வருகிறது. திறந்ததும் நீ திட்டப்போகிறாய் என்று தெரியும். உள்ளே புடவை இல்லை, பிஸ்கட் இல்லை, முழுக்கக் காகிதம். எங்கள் கம்பெனி மாடியில் வருஷக்கணக்காகக் கிடந்த மானுவல்களும் பார்ட்ஸ் கேட்லாக்குகளும். யுத்தம் முடிந்ததும் மிலிட்டரிக்காரர்கள் ஏலம் போட்டுவிட்டுப் போன பி.எஸ்.ஏ., நார்ட்டன், மேட்ச்லெஸ், ஏரியல் வண்டிகளுக்கு உரியவை. இனிமேல் ஸ்கூட்டர்தான் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. மாடியைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய பேப்பர்காரன் தராசோடு வந்து உட்கார்ந்துவிட்டான். நான் மானேஜரிடம் ஓடி, "எனக்குக் கொடுங்கள் சார்" என்று கேட்டேன். ஏர்வாடிக்கு அனுப்ப வேண்டியவனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

கேட்லாக்கில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பாய். வலப்பக்கம் படம். கியர்பாக்ஸ் என்றால் அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, வாஷர் வரைக்கும் வரைந்திருப்பான். இடப்பக்கம் ஒவ்வொன்றின் நம்பரும் பெயரும். அந்த நம்பர்தான் உயிர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் பழைய சரக்கு வைத்திருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்பரை எழுதினால் சாமான் வரும். "வளைந்த மாதிரி ஓர் இரும்பு" என்று எழுதினால் பதில்கூட வராது.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். மார்ச் கடைசியோடு எங்கள் பழைய வண்டிப் பிரிவை மூடுகிறார்கள். என்னை விஜயவாடா கிளைக்குப் போகச் சொல்கிறார்கள். சம்மதமா இல்லையா என்று அதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கோ, இந்தப் புத்தகங்களை முதலாக வைத்து ஓசூரில் பெங்களூர் ரோட்டு ஓரமாக ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டால் என்ன என்று ஓர் ஆசை. அந்தப் பக்கத்தில் இந்த வண்டிகள் நிறைய ஓடுகின்றன. அதனால்தான் பெட்டிகள் எனக்கு முன்னால் வருகின்றன.

கறையானுக்கு எட்டாத உயரத்தில் வை. வேப்பிலையும் வசம்பும் போடு. அடுப்படிக்குக் கொண்டுபோகாதே.

ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளும்படி கேட்கும் தம்பி,
யேசுராஜ்

*

ஓசூர்,
3-9-67

அன்புள்ள தம்பி யேசுராஜுக்கு அக்கா சாராள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. கிருபையால் இங்கே சுகம். மாமாவின் முழங்கால் சைக்கிள் மிதித்தே வீங்கிவிட்டது. ஏன் சைக்கிள் என்பதற்குக் கீழே வருகிறேன்.

பெட்டி வந்தது. இறக்கி வைத்த லாரிக்காரர், "டீச்சரம்மா, இந்தக் கனம் கனக்குதே, உள்ள இன்னா, வெள்ளிக் கட்டியா?" என்று கேட்டார். திறந்து காட்டினேன். பாவம், அவர் முகம் விழுந்துவிட்டது. என் முகமும்தான். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளின் சிலேட்டைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், உன் காகிதத்துக்கு வேப்பிலை பறிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் உன் மாமாவை நீ பார்த்திருக்க வேண்டும். ஏரியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, காப்பி ஆறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாண ஆல்பத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. அவருடைய ஏரியல் கொட்டகையில் கோழி அடைக்கத்தான் உதவுகிறது. இரண்டாவது கியரின் பல் உடைந்து நாலு வருஷம் ஆகிறது. உங்கள் கம்பெனிக்கே எழுதிக் கேட்டோம். "ஸ்டாக் இல்லை" என்று அச்சடித்த கார்டு வந்தது. கீழே கையெழுத்து யாருடையது தெரியுமா? உன்னுடையது. கூடப் பிறந்தவளுக்கு ஒரு வரி சேர்த்து எழுதக் கை வரவில்லை உனக்கு.

இப்போது மாட்டுக்கு ஊசி போட சானமாவு காட்டுப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில்தான் போகிறார். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு யானை ஒதுங்கும். சைக்கிளில் போனால் நாம்தான் ஒதுங்க வேண்டும். அவர் வீடு திரும்புகிற வரைக்கும் எனக்கு உயிர் உயிராக இருப்பதில்லை.

மெக்கானிக் நாராயணப்பனும் வந்து பார்த்தார். பெங்களூர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிற தெலுங்குக்காரர், உனக்கு ஞாபகம் இருக்கும். "தேவுடா! இந்த வண்டிக்கி ஜாதகமே இருக்குதா? நானு இத்தினி வருசமா கைரேகை பாத்துதான் ரிப்பேர் பண்றேன்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

விஜயவாடாவில் உனக்கு என்ன வைத்திருக்கிறது? வெயில் வைத்திருக்கிறது. வந்து சேர். இந்த வீட்டில் எனக்குச் சண்டை போட ஆளில்லை. உன் மாமா எதற்கும் சரி என்று தலையாட்டிவிடுகிறார். மனிதருக்கு அலுத்துப்போகாதா?

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி.

அன்பு அக்கா,
சாராள்

*

மதராஸ்,
22-10-67

அன்பான அக்காவுக்கு, சுகம். மழை பிடித்துக்கொண்டது. அறைச் சுவரில் கை வைத்தால் ஈரம். மாமாவுக்கு நொச்சி இலை வெந்நீர் ஒத்தடம் கொடு.

அந்தக் கார்டு விஷயம். ஒரு நாளைக்கு அப்படி ஒரு கட்டுக் கார்டில் கையெழுத்துப் போடுகிறேன். யாருக்குப் போகிறது என்று பார்ப்பதில்லை. மன்னித்துக்கொள். பார்த்திருந்தாலும் ஏரியல் கியர் இல்லைதான்.

மூன்றாவது பெட்டியும் வருகிறது, இதுதான் கடைசி. மிச்சமெல்லாம் என் கண்ணெதிரே காகித ஆலைக்குப் போய்விட்டது. காப்பாற்றிய தாள்களின் துருப்பிடித்த கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஈரம் போக விசிறி, கனமான பலகைக்கு அடியில் வைத்துச் சமமாக்கி, நூல் சுற்றி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் இதுதான் என் வேலை. மெஸ்ஸில் என்னைக் குமாஸ்தா என்றுதான் நினைத்திருந்தார்கள். இப்போது வண்ணான் என்கிறார்கள்.

முதல் இரண்டு பெட்டியிலும் தையல் விட்டவைதான், எல்லாம் உதிரித் தாள்கள், அக்கா. காற்றில் பிரிக்காதே. ஒன்று பறந்தால் ஒரு வண்டி போச்சு. யாருக்கும் இரவல் வேண்டாம், நாராயணப்பனுக்கும்தான். கை கழுவிவிட்டு உன் மேசையில் பார்க்கட்டும்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது, ஸ்டாக் எடுக்கும் வேலை. ஜனவரியில் வரப் பார்க்கிறேன். கடைக்கு இடம் பார்க்க வேண்டும். விஜயவாடா தாளை இன்னும் நான் தொடவில்லை.

உன் தம்பி,
யேசுராஜ்

*

ஓசூர்,
16-12-67

தம்பி, சுகம் விசாரிப்பதைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கிழிந்த புத்தகத்தோடு புது வருஷத்துக்குள் போகக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். உனக்குத் தெரியாததா? வருஷா வருஷம் டிசம்பர் பிறந்ததும் வீட்டு வேதாகமமும், சபையின் பிய்ந்த பாட்டுப் புத்தகங்களும் கிருஷ்ணகிரி பைண்டர் ஆஞ்சப்பனிடம் போகும். உதிரித் தாள், பறந்துவிடும் என்று நீ பயந்து எழுதியிருந்தாயே. ஜனவரியில் நீ வரும்போது புத்தகமாகக் கையில் கொடுத்தால் சந்தோஷப்படுவாய் என்று, உன் மூன்று பெட்டியையும் இந்த வருஷம் அவற்றோடு சேர்த்து அனுப்பினேன்.

ஆஞ்சப்பன் நன்றாகத்தான் செய்திருக்கிறார். சிவப்புக் காலிகோ துணி அட்டை, முதுகில் தங்க எழுத்தில் உன் பெயர். உன் தாள்கள் சின்னதும் பெரியதுமாக இருந்தனவாம். எல்லாவற்றையும் சின்னதின் அளவுக்குக் கொண்டுவந்து, பாட்டுப் புத்தகத்துக்குச் செய்வதுபோலவே மூன்று பக்கமும் ஓரம் வெட்டி, மட்டமாக்கிவிட்டார்.

இடப்பக்கத்தில் நம்பர் இருந்தது வெளி ஓரத்தில், யேசு.

எனக்குத் தெரியவில்லை. புத்தகங்களைத் தடவிப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். நாராயணப்பன்தான் கை கழுவிவிட்டு வந்து, புரட்டிப் புரட்டிப் பார்த்து, "டீச்சரம்மா, படம் இருக்குது, பேரு இருக்குது. நம்பரு எங்க?" என்று கேட்டார். ஏரியலிலும் மேட்ச்லெஸ்ஸிலும் ஒரு நம்பர்கூட மிச்சமில்லை. பி.எஸ்.ஏ.யிலும் நார்ட்டனிலும் பாதி. மறுநாளே முதல் பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரிக்கு ஓடினேன். வெட்டிய ஓரங்களெல்லாம் பசை காய்ச்சும் அடுப்புக்குப் போய்விட்டன. ஆஞ்சப்பன் என்னைவிட அதிகமாகப் பதறினார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒன்றும் இருக்காது.

பஸ்ஸில் ஊர் பார்க்க அழுதுகொண்டே வந்தேன். உன் கடையை உன்னைக் கேட்காமல் நானே வெட்டிவிட்டேன். திட்டி எழுது. பக்கம் பக்கமாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உடனே எழுது.

உன் சுகத்துக்கும் எழுது.

அக்கா,
சாராள்

*

ஓசூர்,
9-1-68

அன்புள்ள தம்பிக்குப் புது வருஷ வாழ்த்துகள். நாங்கள் சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் போயிற்று, புது வருஷ ஆராதனை போயிற்று. உன் கடிதமும் இல்லை, நீயும் இல்லை. தபால்காரர் கங்கப்பன் இப்போதெல்லாம் நம் தெருவுக்கு வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் மணி அடித்துக்கொண்டே போய்விடுகிறார்.

நடந்ததைக் கேள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு நாராயணப்பன், "இன்னாத்துக்குமா அழுவுறீங்க? காயிதத்துல போனா போவட்டும். இரும்புல இருக்குதே" என்றார். அவர் ஷெட்டில் பிரித்துப் போட்டிருந்த ஒரு கியரை மண்ணெண்ணெயில் கழுவி என் கையில் கொடுத்தார். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் பல்லுக்குக் கீழே பொடியாக நம்பர் குத்தியிருக்கிறது! வெள்ளைக்காரன் காகிதத்தில் அச்சடித்ததையேதான் சாமானிலும் குத்தி அனுப்பியிருக்கிறான்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் இப்போது நேராக ஷெட்டுக்குத்தான் போகிறேன். ஓடாத வண்டி, ரிப்பேருக்கு வந்த வண்டி, எது பிரிந்து கிடந்தாலும் கழுவி, படத்தோடு ஒப்பிட்டு, வெட்டுப்பட்ட இடப்பக்கத்தில் பெயருக்கு நேரே நம்பரை மையால் எழுதுகிறேன். ஓரத்தில் இடம் இல்லை. எறும்பு எழுத்துதான் எழுத முடிகிறது. என் சேலையில் கிரீஸ் வாசம் அடிக்கிறது என்று ஹெட்மாஸ்டர் மூக்கைப் பொத்துகிறார்.

ஒரு கார்டாவது போடு.

அன்புடன்,
சாராள்

*

ஓசூர்,
4-2-68

தம்பி யேசுராஜுக்கு, சுகம். மாமாவும் சுகம். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன். பேசாதவன் வீட்டுக் கதவைத்தான் அதிகம் தட்ட வேண்டும்.

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு நாராயணப்பனோடும் மாமாவோடும் போனேன். மாடு வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் இந்தப் பழைய வண்டியில்தான் வருகிறார்கள். டீச்சர் ஒருத்தி புத்தகத்தையும் மைக்கூட்டையும் வைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றதும் மாட்டைப் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்க வந்துவிட்டார்கள். கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், தமிழில் ஒருவர். நம்பர் மட்டும் மூன்று பாஷையிலும் நம்பர்தான். குருபரப்பள்ளி கோவிந்தப்பன் என்கிறவரின் ஏரியலில் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை இருந்தது. நாராயணப்பன் அங்கேயே சாக்கை விரித்துப் பரப்பிவிட்டார். கியர்பாக்ஸ் பக்கத்தில், நம் கொட்டகை வண்டியில் உடைந்தும் துருவேறியும் படிக்க முடியாமல் போன பாதி ஒரே நாளில் நிறைந்தது.

ஒன்று மட்டும் தெரியவில்லை. கிக்கர் தண்டின் முனையில் பல்லுப் பல்லாக ஒரு சின்ன வளையம். படத்தில் பதினான்காவது. கோவிந்தப்பன் வண்டியில் அது தேய்ந்து வழவழ என்று இருக்கிறது, நம்பர் இல்லை. உனக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல். கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு நம்பரை மட்டும் சொல்.

மார்ச் நெருங்குகிறது. விஜயவாடா தாளை என்ன செய்தாய் என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

அக்கா,
சாராள்

*

(தபால் கார்டு)

மதராஸ்,
9-2-68

ஜி 2-147.

*

ஓசூர்,
13-2-68

என் அருமைத் தம்பிக்கு,

உன் கார்டு கிடைத்தது. அக்கா இல்லை, அன்பு இல்லை, சுகமா இல்லை, கையெழுத்துகூட இல்லை. தந்திக்காரன்கூட உன்னைவிட நாலு வார்த்தை அதிகம் பேசுவான். கங்கப்பன் வாசலிலேயே படித்துவிட்டு, "டீச்சர், இது லாட்டரி நம்பரா?" என்று கேட்டார்.

நான் அதை எத்தனை முறை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். உயிரோடு இருக்கிறாய், என் கடிதங்களைப் படிக்கிறாய், பதினான்காவது படம் எது என்று உனக்கு இன்னும் மனப்பாடம். எனக்கு அது போதும். மாமாவும் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்து நடுங்கல, பையன் நல்லாத்தான் இருக்கறான்" என்றார்.

நம்பரை எழுதிவிட்டேன். ஏரியல் கியர்பாக்ஸ் இடப்பக்கம் முழுதாகிவிட்டது. அதை அப்படியே நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பரீட்சைத் தாளைத் திருத்துவதுபோலத் திருத்தி அனுப்பு. தப்பு இருந்தால் சிவப்பு மையில் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்பு அக்கா,
சாராள்

*

மதராஸ்,
24-2-68

அக்காவுக்கு யேசுராஜ் எழுதுவது. சுகம்.

உன் டிசம்பர் கடிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். கோபமாக இருந்தால் எழுதியிருப்பேன். கோபம் இல்லை, துக்கம். காகித ஆலையிலிருந்து காப்பாற்றி, ஒவ்வொரு தாளாக நீவி அனுப்பியதற்கு இதுதானா என்று இருந்தது. உன்னைத் திட்ட மனம் வரவில்லை. திட்டாமல் எழுதவும் வரவில்லை. ஜனவரிக் கடைசியில் விஜயவாடா தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் முதல் வாரம் அங்கே போய்ச் சேர வேண்டும்.

கார்டு போட்டதற்குக் காரணம், ஒருவர் நம்பர் கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. பதினான்கு வருஷப் பழக்கம்.

உன் நகலைத் திருத்தினேன். மற்றவை சரி. மூன்று தப்பு. கிளட்ச் பக்கத்து பேரிங்குக்கு நீ எழுதியிருப்பது மோட்டார் சைக்கிள் நம்பரே இல்லை, ஜீப் நம்பர். ஒரு ஸ்பிரிங், பி.எஸ்.ஏ.யுடையது. எல்லாவற்றையும்விட முக்கியமான இரண்டாவது கியருக்கு நீ எழுதியிருப்பது மேட்ச்லெஸ் நம்பர். வண்டியை மாற்றிப் படித்திருக்கிறாய், அல்லது சந்தைக் கும்பலில் யாரோ வேறு சாமானை உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தை நம்பிக் கல்கத்தாவுக்கு எழுதினால் ஏரியல்காரனுக்கு மேட்ச்லெஸ் சாமான் வரும். அப்புறம் அந்தக் கடைப் பக்கம் யார் வருவார்கள்?

நீ பட்ட பாடு எனக்குத் தெரிகிறது, அக்கா. கிரீஸ் சேலை, சந்தை எல்லாம் படித்தேன். ஆனால் தப்புக் கேட்லாக், கேட்லாக் இல்லாததைவிட மோசம். போதும், விட்டுவிடு.

மாமாவுக்கு என் வணக்கம்.

யேசுராஜ்

*

ஓசூர்,
2-3-68

அன்புள்ள தம்பிக்கு, சுகம். உனக்கு நான் எழுதும் கடிதங்களிலேயே இதுதான் அவசரம். இரண்டு முறை படி.

நீ விட்டுவிடு என்றதும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிற எனக்கா நம்பர் படிக்கத் தெரியாது? நாராயணப்பனையும் இழுத்துக்கொண்டு குருபரப்பள்ளிக்கே போனேன். கோவிந்தப்பன் வீட்டு வாசலில், அவர் அம்மா சென்னம்மா தலையில் அடித்துக்கொண்டு நிற்க, கியர்பாக்ஸை மறுபடியும் பிரித்தோம்.

நான் படித்தது தப்பில்லை. ஏரியல் வண்டிக்குள் இருப்பது மேட்ச்லெஸ் கியர்தான். 1951இல் பெங்களூரில் மிலிட்டரி வொர்க்‌ஷாப் ஆள் ஒருவர் மாட்டிவிட்டாராம். அன்றையிலிருந்து ஓடுகிறது. பேரிங் ஜீப்புடையது, அதுவும் ஓடுகிறது. கோவிந்தப்பனிடம் "இது உங்க வண்டி சாமான் இல்லையே" என்றேன். "வண்டிக்கு அது தெரியாதுங்களே, அது பாட்டுக்கு ஓடுது" என்றார்.

நாராயணப்பன் மேட்ச்லெஸ் படத்தையும் ஏரியல் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு கம்பெனிக்கும் கியர்பாக்ஸ் செஞ்சி குடுத்தவன் ஒர்த்தனே. ஆளாளுக்கு அவங்கவங்க நம்பர் குத்திக்கினாங்க, அவ்ளோதான்." நான் கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். யேசு, இரண்டு படத்திலும் செய்தவன் பெயர் ஒன்றேதான். நீயும் அதைப் பார்த்திருப்பாய். ஆனால் நீ நம்பரைப் பார்க்கிறவன்.

இப்போது கேள். என் பக்கம் தப்பு என்கிறாய். வெள்ளைக்காரன் அச்சடித்த பக்கத்தில் இருக்கிற கியர் எங்கே கிடைக்கும்? கல்கத்தாவிலும் இல்லை, பம்பாயிலும் இல்லை, நாலு வருஷமாக உங்களிடமும் இல்லை. என் தப்புப் பக்கத்தில் இருக்கிற மேட்ச்லெஸ் கியர் உங்கள் கடை அலமாரியில் இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு எழுது.

விஜயவாடாவுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதைச் சொல்லும் உரிமையை டிசம்பரிலேயே வெட்டிக்கொண்டேன். நீ வர வேண்டும் என்று ஆசை மட்டும் இருக்கிறது. அதை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்பு அக்கா,
சாராள்

*

மதராஸ்,
23-3-68

கர்த்தருக்குள் மிகவும் அன்பான அக்கா சாராளுக்குத் தம்பி யேசுராஜ் எழுதுவது. பூரண சுகம். நீயும் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்கு இந்த முறை நல்ல காரணம் இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே அலமாரிக்குப் போனேன். மேட்ச்லெஸ் இரண்டாவது கியர், கீழ்த்தட்டில், மெழுகுத்தாள்கூடப் பிரியாமல் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. மேட்ச்லெஸ்காரர்கள் அதைக் கேட்பதே இல்லை, அவர்கள் வண்டியில் அது உடைவதில்லை. மாதக் கடைசியில் பழைய இரும்போடு போக வேண்டிய சரக்கு. நான் நிற்கும் கவுண்டருக்கு நேர் பின்னால் இருக்கிறது, அக்கா. முதுகைத் திருப்பினால் கை எட்டும்.

அப்போதும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. குருபரப்பள்ளியில் ஒரு வண்டி ஓடினால் ஊரில் உள்ள எல்லா வண்டியும் ஓடுமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரம் திண்டிவனத்திலிருந்து ஒருவர் வந்தார். தலையில் துண்டு, கையில் உடைந்த கியரைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார். "ஏரியலுக்கு இது இருக்குதுங்களா?" என்றார். என் வாய் பழக்கத்தில் "இல்லை" என்று சொல்லிவிட்டது. அவரும் எதிர்பார்த்தவர்போலத் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். இப்படிப் போகிறவர்களின் முதுகை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பார்க்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு கியரை எடுத்துக்கொண்டு மவுண்ட் ரோடில் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன். "இது உங்கள் வண்டியுடையது இல்லை, ஆனால் பொருந்தலாம், மாட்டிப் பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்" என்று விலாசம் கொடுத்தேன். அவர் என்னையும் கியரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நேற்று அவருடைய கார்டு வந்தது. வண்டி ஓடுகிறதாம். அவர் ஊரில் இன்னும் இரண்டு ஏரியல் நிற்கிறதாம், கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். நான் ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர் வீட்டில் ஏதாவது கெட்ட செய்தியா என்று கேட்டார்.

உன் பக்கம் தப்பில்லை. அச்சடித்த கேட்லாக்கில் வண்டி பிறந்தபோது என்ன இருந்தது என்று இருக்கிறது. நீ எழுதியதில் அது எப்படிப் பிழைத்திருக்கிறது என்று இருக்கிறது. நம் பக்கத்து வண்டிக்காரனுக்கு நீ எழுதியதுதான் வேண்டும். எந்த வண்டிக்கு எந்த வண்டியின் சாமான் பொருந்தும் என்று எல்லாப் பக்கத்திலும் எழுதுவோம். நீ படி, நாராயணப்பன் பிரிக்கட்டும், நான் சாமானைத் தேடுகிறேன்.

இன்று காலை மானேஜரிடம் போய் விஜயவாடா தாளைத் திரும்பக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே கிழித்தேன். பைத்தியம் முற்றிவிட்டது என்று அவருக்கு இப்போது நிச்சயம். இரும்புக் கழிவுக்குப் போகவிருந்த பெட்டிகளையும் கேட்டேன். அதற்கும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். காகிதத்தைவிடக் கனமாக இருக்கும், லாரிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வை.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலையில் சாமானோடு வந்து இறங்குவேன். மெழுகுத்தாளில் சுற்றிய ஒரு கியரைப் பெட்டியில் வைக்காமல் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். கொட்டகையிலிருந்து கோழிகளை வெளியே விட்டுவிட்டு, நாராயணப்பனை வரச்சொல்லி வை. அன்றைக்கு மட்டும் மாமாவைச் சைக்கிளில் போகவிடாதே.

உங்கள் இருவருக்கும் ஸ்தோத்திரம் சொல்லும் அன்புத் தம்பி,
யேசுராஜ்